கை நனைக்காமல் போனவர்கள்

கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காரு தாயி. மூக்கைப் பொத்தாதே, அது என்னிடமிருந்து வரவில்லை. பஸ் ஸ்டாண்டுக் கக்கூஸை ஒட்டி வண்டியை நிறுத்திவிட்டு டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கிறார். கிளம்பினால் காற்று வந்துவிடும். இந்த வாடைக்கே இப்படி முகத்தைச் சுளித்தால் நீ எங்கள் ஊருக்கெல்லாம் எப்படி வருவாய்? எங்கள் ஊரில் அதில்தானே சோறு பொங்குகிறோம்.

பாரு, கண் எப்படி விரிகிறது. அதில் என்றால் அதிலேயே இல்லை. அதிலிருந்து வருகிற கேஸில். நம்மைப் போலப் படிக்காத ஆளுக்கு அது நாற்றம், படித்த ஆளுக்கு அது கேஸ். அவ்வளவுதான் வித்தியாசம்.

என் பேர் தங்கபுஷ்பம். ஊர் பனையளம். தூத்துக்குடிக்கு வடக்கே உப்பளத்துக்கு நட்டநடுவில் கிடக்கிறது. பேரில்தான் பனை, ஊரில் ஒன்றுகூடக் கிடையாது. முழங்கை ஆழம் தோண்டினால் உப்புத் தண்ணீர் வந்து நின்றுகொள்ளும். கக்கூஸுக்குக் குழி வெட்டினால், மழைக்காலத்தில் குழிக்குள் போட்டதெல்லாம் மிதந்து வாசலுக்கு வந்து சௌக்கியமா என்று கேட்கும். உறிஞ்சி எடுக்கிற லாரியைக் கூப்பிட்டால் அளத்து வரப்பில் ஏறமாட்டேன் என்பான். அதனால் எங்களுக்கு எல்லாம் ஊருக்கு வெளியே உடைமுள் மண்டிக் கிடக்கிற உடங்காடுதான். பொம்பளைகள் விடியுமுன்னே போய்வந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு வந்தால், அடக்கிக்கொண்டு வெயிலில் உப்பு வார வேண்டியதுதான். எத்தனை கட்சிக்கு ஓட்டுப் போட்டோம், ஒருவராவது இதைக் கேட்டிருப்பார்களா? கேட்டார்கள். உடங்காட்டை அழிக்க நிதி ஒதுக்குகிறோம் என்றார்கள்.

கடைசியில் ஒரு டிரஸ்ட்டுக்காரர்கள் வந்தார்கள். கூடவே ஒரு இஞ்சினியர், கண்ணாடி போட்ட பையன். தரைக்கு மேலேயே தொட்டி கட்டி, அதற்கு மேல் ஒரு பெரிய கறுப்பு ரப்பர் பையைப் போர்த்தினான். பார்த்தால் யானை படுத்துக் கிடக்கிற மாதிரி இருக்கும். பக்கத்திலேயே மேடை கட்டி, டைல்ஸ் பதித்து, வரிசையாகக் கக்கூஸ். ஏறிப் போய் உட்காரவேண்டும். ராஜாவுக்குச் சிம்மாசனம், நமக்கு இது. போவதெல்லாம் ஓடிப் போய் அந்தத் தொட்டிக்குள் விழும். அதற்குள்ளே கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்குமாம். அது தின்று, செரித்து, ஏப்பம் விடுமாம். அந்த ஏப்பம்தான் கேஸ். நாம் போட்டதை அது தின்ன, அது விட்டதை நாம் பத்தவைத்துப் பொங்கித் தின்ன, மறுபடியும் நாம் போட, மறுபடியும் அது தின்ன. தாலுகா ஆபீஸில் கொடுத்த மனு கூட இப்படிச் சுற்றாது.

அவன் எங்களுக்குச் சொன்ன பத்தியம் ஒன்றே ஒன்று. உள்ளே பினாயில், பிளீச்சிங் பவுடர், ஆசிட் எதுவும் ஊற்றக் கூடாது. தண்ணீரும் பிரஷ்ஷும் போதும். சுவரில் படம் போட்டு வேறே காட்டினான். நான் மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். வீட்டில் அம்மா கழுவிப்போட, இவன் படித்துப் பெரிய ஆளானவன். பினாயில் ஊற்றாத கக்கூஸ் உலகத்தில் உண்டா, நீயே சொல்லு.

எங்கள் வீடு யானைக்குப் பக்கத்து வீடு. கேஸ் குழாய் முதலில் என் அடுக்களைக்குத்தான் வந்தது, அப்புறம் என் கொழுந்தன் பெண்டாட்டி ராசக்கனி வீட்டுக்கு, அப்புறம் இன்னும் சில வீட்டுக்கு. நான் முதலில் அந்த அடுப்புப் பக்கமே போகவில்லை. ராசக்கனிதான் ஒருநாள் டீ போட்டுக் கொண்டு வந்தாள். குடித்து முடித்த பிறகு சொல்கிறாள், இது புது அடுப்பில் போட்டது யக்கா என்று. குமட்டத்தான் பார்த்தேன். குமட்டல் வரவில்லை. டீ டீ மாதிரிதான் இருந்தது. போய்ப் பார்த்தால் நீலமாகத் தீ, புகை இல்லை, பாத்திரத்தில் கரி இல்லை. அதற்குப் பிறகு நான் விடுவேனா?

கேஸ் கூட வேண்டுமென்றால் உள்ளே விழுவது கூட வேண்டுமே. எங்கள் ஊர்க் கிழவர்கள், காற்றாட உடங்காட்டில் உட்கார்ந்தால்தான் வரும் என்கிற ஆட்கள். நான் வழியில் போய் நின்று மறிப்பேன். "மாமா, செம்பத் தூக்கிக்கிட்டு எங்க போறிய? எங்க வீட்டு அடுப்பக் கொண்டு போய்க் காட்டுல கொட்டுதியளே, நியாயமா?" என்று கேட்பேன். வெட்கப்பட்டுத் திரும்பி வருவார்கள். கோயில் கொடை, சடங்கு என்று ஊருக்குள் விருந்தாள் வந்துவிட்டால் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். தீ ரெண்டு விரல் உசரம் கூட ஏறும். விருந்தாளை இந்தக் காலத்தில் என்னளவுக்கு ஆசையாக யார் வரவேற்கிறார்கள்?

ஆனால் வெளியூரில் யாராவது கேட்டால் சிலிண்டர் என்று சொல்லிவிடுவேன். பொய் என்று சொல்லாதே. மானம் என்று சொல்லு.

என் மகன் லிங்கதுரை. அளத்தில் மோட்டார் பார்க்கிறான். முப்பதைத் தாண்டிவிட்டது, பெண் அமையவில்லை. பையனிடம் ஒரு குறை கிடையாது. குடிக்கமாட்டான், கூடப் பேசமாட்டான். அவன் அப்பா போய்ச் சேர்ந்த பிறகு என்னைத் தாங்குகிறவன். எங்கள் காலத்தில் மாப்பிள்ளை வீட்டில் மாடு உண்டா, பனை உண்டா என்று கேட்பார்கள். இப்போது எடுத்த எடுப்பில் கக்கூஸ் உண்டா என்கிறார்கள். உள்ளே போகிறதற்குச் சோறு இருக்கிறதா என்று கேட்கவில்லை தாயி, வெளியே போகிறதற்கு இடம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். உடங்காட்டு ஊருக்குப் பெண் கொடுக்கமாட்டோம் என்று ஒவ்வொரு இடமாகத் தட்டிப் போனது. அவனும் வெறுத்துப் போய், இனிமேல் பெண் பார்க்கிற பேச்சை எடுத்தால் சாப்பிடமாட்டேன் என்று சொல்லிவிட்டான். நான் கண்ணை மூடிவிட்டால் அவன் ஒண்டிக்கட்டையாக நிற்பானே என்று வயிற்றுக்குள் ஒரு கங்கு கிடந்து எரிந்தது. அந்தக் கங்குக்கு எந்தக் குழாயும் தேவையில்லை.

கக்கூஸ் கட்டின பிறகு ஏரலில் ஒரு இடம் வந்தது. பெண் பேர் வேல்மதி, ஜெராக்ஸ் கடையில் வேலை. அவள் அப்பா தவசிமுத்து போனில் பேசினார். நல்ல மரியாதையான ஆள், எடுத்தவுடனே மைனி என்றுதான் கூப்பிட்டார். கக்கூஸ் என்றார், டைல்ஸ் போட்டது என்றேன். அடுப்பு என்றார், சிலிண்டர் என்றேன். ரொம்ப சந்தோஷம், வீடு பார்க்க வருகிறோம் என்றார். அவர் கேஸ் ஏஜென்சியில் வேலை என்று சொன்னார். நான் உட்கார்ந்து கம்ப்யூட்டர் தட்டுகிற வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் வீடு பார்க்க வந்தால் ஒரு முறை உண்டு. பெண் கொடுக்க மனசு இல்லையென்றால் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்கமாட்டார்கள். ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். கையைக் கழுவி இலையில் உட்கார்ந்துவிட்டார்கள் என்றால் சம்பந்தம் முடிந்தது, அதற்குப் பிறகு பேச்சு மாறக் கூடாது. ஆகவே என் மகன் வாழ்க்கை ஒரு வாழையிலையில் நிற்கிறது. இலையைப் போடவேண்டியது நான்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தோம். ஆனால் அவர்கள் பார்க்க வருவது வீட்டையா? கக்கூஸைத்தானே. தூத்துக்குடிக்குப் போய்ப் பினாயிலைக் கேன் கேனாக வாங்கி வந்தேன். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம், எல்லாக் கதவையும் திறந்து ஊற்றினேன். அவர்கள் வருகிறதற்கு முந்தின நாள் மனசு கேட்காமல் பிளீச்சிங் பவுடரையும் மூட்டையோடு கொட்டிக் கழுவிவிட்டேன். ஆஸ்பத்திரி தோற்றுப்போய்விடும். உள்ளே போனவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வெளியே வந்தார்கள். அப்படி ஒரு சுத்தம்.

அந்த வாரம் பார்த்து யானை மெலிந்துகொண்டே வந்தது. ராசக்கனி வந்து, பை தொங்குதே யக்கா, பினாயில் கினாயில் ஊத்துனியளா என்று துப்பறிந்தாள். வீட்டுக்கு ஆள் வருகிற நேரத்தில் நாறிக் கிடக்கச் சொல்கிறாயா என்று வாயை அடைத்தேன். எனக்குப் பட்டது வேறே. ஊர்க்காரர்கள் வேண்டுமென்றே மறுபடி உடங்காட்டுக்குப் போகிறார்கள், என் மகனுக்கு நல்லது நடக்கப்போகிறது என்ற வயிற்றெரிச்சல். அப்படித்தான் நினைத்தேன். இன்றைக்கும் அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

சரி, அந்த நாள் வந்தது. ஒரு வேனில் தவசிமுத்து, அவர் பெண்டாட்டி, மச்சினன், கூடவே பெண்ணும் இறங்கினார்கள். வாழப்போகிற வீட்டை நானே பார்ப்பேன் என்று அந்தப் பிள்ளையே சொல்லியதாம். காலம். பெண்ணின் அம்மா இறங்கினதும் முதல் காரியமாகக் கக்கூஸுக்குப் போய்வந்தாள். "ஆஸ்பத்திரி மாதிரி வச்சிருக்கிய மைனி" என்றாள் வாய் நிறைய. எனக்குக் கால் தரையில் படவில்லை. பார்த்தாயா ராசக்கனி என்று கண்ணாலேயே கேட்டேன். அவள் அடுக்களைப் பக்கம் கண்ணைக் காட்டினாள்.

போய்ப் பார்த்தால் அடுப்பு அகல்விளக்குத் திரி மாதிரி முனகுகிறது. சோறு பாதி வெந்து நிற்கிறது. பாயசத்துக்கு வைத்த பாலில் ஆடைகூடக் கட்டவில்லை. நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே தீ ஒரு விக்கல் விக்கியது. அணைந்துபோனது.

கூடத்தில் அவர்கள் பேச்சு முடிந்து, எல்லார் கண்ணும் அடுக்களைப் பக்கம் வந்துவிட்டது. இலை வந்தால் உட்காருகிற முகம்தான் தாயி, நான் சத்தியம் பண்ணுவேன். வெறகு பொறுக்கிப் பத்தவைக்கவா நேரம்? கூடத்துக்குப் போய், சிலிண்டர் தீர்ந்துவிட்டது அண்ணாச்சி, ஒரு நிமிஷம் என்றேன்.

அந்த மனுஷன் சிரித்துக்கொண்டே எழுந்திருக்கிறார். "இதுக்கா முழிக்கிய மைனி? நான் இருக்கையில சிலிண்டர் இல்லாம ஒரு வீட்டுல அடுப்பு அணையலாமா? தீந்திருக்காது, வாஷர் போயிருக்கும், காட்டுங்க" என்றார். அப்போதுதான் அவர் தோளைப் பார்த்தேன். ஒரு பக்கம் இறங்கி, காய்த்துப் போயிருந்தது. கம்ப்யூட்டர் தட்டுகிறவர் தோளா அது? காலமெல்லாம் வீடு வீடாகச் சிலிண்டர் சுமந்து போடுகிறவர். சொல்லியிருக்க வேண்டாமா? கேஸ் ஏஜென்சி என்று மொட்டையாகச் சொன்னால் யாருக்குத் தெரியும்? அவர் பாதி சொன்னது தப்பில்லையாம், நான் பாதி சொன்னதுதான் தப்பாம்.

அடுப்புக்கடியில் குனிந்து பார்த்தார். சிலிண்டர் இல்லை. வெளியே இருக்கிறது என்றேன். வெளியே போனார். அங்கே சுவரோரம் குழாய் மட்டும் போகிறது. அந்த இஞ்சினியர் அதைத் தரைக்கு மேலே போட்டிருக்கிறான் பாரு, அதுதான் எல்லா வினைக்கும் காரணம். மண்ணுக்குள் புதைத்திருந்தால் யாருக்குத் தெரியும்? உப்புத் தண்ணீராம், புதைக்கக் கூடாதாம். தவசிமுத்து குழாயில் ஒரு கையை வைத்தார், அப்படியே தடவிக்கொண்டு நடந்தார். அவருக்குப் பின்னால் மச்சினன், பெண்டாட்டி, பெண். அவர்களுக்குப் பின்னால் எங்கள் ஊர் முழுக்க. சப்பரம் போகிறது, மேளம் ஒன்றுதான் இல்லை. அந்தப் பக்கம் கடிநாய் கிடக்கிறது அண்ணாச்சி என்று நான் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே போகிறேன். எங்கள் ஊரில் நாயே கிடையாது.

குழாய் யானையிடம் போய் முடிந்தது. யானையா அது? அவிழ்த்துப் போட்ட ஈர வேட்டி மாதிரி சுருண்டு கிடந்தது. லிங்கதுரை அதைக் கையால் அழுத்திப் பார்த்துக்கொண்டு நின்றான். தவசிமுத்து பையைப் பார்த்தார். பைக்கடியில் தொட்டியைப் பார்த்தார். தொட்டிக்குள் வருகிற பெரிய குழாய் எங்கே இருந்து வருகிறது என்று பார்த்தார். அப்புறம் பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

என் மகன் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருக்கலாம். தண்ணீர் டேங்கு என்று சொல்லியிருக்கலாம். சொல்வானா? அரிச்சந்திரன் பேரன். இதில்தான் எங்களுக்கு அடுப்பு எரிகிறது, அம்மா பினாயில் ஊற்றினதில் நின்றுபோய்விட்டது என்று ஒப்பித்துவிட்டான். பெற்றவளைக் காட்டிக்கொடுத்தாவது உண்மை பேசவேண்டும் என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்களோ.

அந்தப் பிள்ளை வேல்மதி முன்னால் வந்து அவனிடமே கேட்டது. "இதுல பொங்குனா சோத்துல வாடை வருமா?"

"வராது" என்றான்.

"பொறவு ஏன் மறைச்சாவ?"

அவன் தரையைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன்.

தவசிமுத்து என் பக்கம் திரும்பினார். சத்தம் போடவில்லை. "மைனி, நான் ஏறி இறங்காத அடுக்களை இல்ல. சாணி கேஸ்ல பொங்குத வீடும் பாத்திருக்கேன். கேஸ் எங்க இருந்து வந்தா எனக்கென்ன? சிலிண்டர் போடுதவன்கிட்டயே சிலிண்டர்னு சொல்லுதிய. அப்ப மாப்பிள்ளையப் பத்தி என்னெல்லாம் சொல்லியிருப்பிய?"

அவ்வளவுதான். வேனில் ஏறிவிட்டார்கள். ராசக்கனி செம்பில் தண்ணீர் கொண்டு ஓடினாள், அதைக்கூட வாங்கவில்லை. வெயிலில் நாக்கு வறண்டு வந்தவர்கள், கை நனைக்காமல் போனார்கள்.

கேட்டாயா பேச்சை? பொய்யாம், உண்மையாம். அதெல்லாம் வெளிச்சாக்கு தாயி. அருவருப்பு. அதை நேராகச் சொல்ல வாயில்லாமல் என் தலையில் வைத்துக் கட்டிவிட்டுப் போய்விட்டார். எனக்குத் தெரியாதா மனுஷ மனசு?

இஞ்சினியர் வந்து தொட்டியைத் திறந்து பார்த்து, பூச்சியெல்லாம் செத்துப்போச்சு என்றான். பூச்சி சாகத்தானே தாயி பினாயில் ஊற்றுவது? செத்தால் அது பினாயிலுக்குப் பெருமை. ஊரே என்னைக் கொலைகாரி மாதிரி பார்த்தது. ஏதோ சொந்தக்காரர் செத்த மாதிரி துக்கம். குழாய் வந்த வீட்டிலெல்லாம் மறுபடி ஓலையும் உடைமுள்ளும் வைத்து ஊத ஆரம்பித்தார்கள். ராசக்கனி கண் சிவந்து என்னைப் பார்த்தாள். புகையில் சிவந்திருக்கும் என்று நான் பெருந்தன்மையாக விட்டுவிட்டேன்.

லிங்கதுரை என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுக்கு வந்து உட்காருவான், தின்பான், போவான். மேற்கே ஆட்டு மாட்டு ஊரெல்லாம் பைக்கில் போய்ச் சாணி வாங்கி வந்து கரைத்துக் கரைத்துத் தொட்டியில் ஊற்றினான். செத்த பூச்சிக்குப் பதிலாக உயிர்ப் பூச்சி சாணியில் இருக்குமாம். கக்கூஸ் கழுவுகிற வேலையை என்னிடமிருந்து பிடுங்கி ராசக்கனிக்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு வயசாகிவிட்டதே என்ற அக்கறை.

மற்ற நேரமெல்லாம் அந்த இஞ்சினியரோடு போன். வேலை முடிந்து வந்ததும் அந்தப் பைப் பக்கத்தில் போய் நின்றுகொள்வான். போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு பையைக் காட்டுவான். "இன்னைக்கு ஒரு சாண் ஏறியிருக்கு பாரு" என்பான், சிரிப்பான். எப்போதும் கூடப் பேசாத பிள்ளை. அந்த இஞ்சினியருக்கு இவன் மேல் என்ன பிரியமோ, மணிக்கணக்காகப் பேசுகிறான். போன் போடுகிறதற்கு முன்னால் இவன் தலையை வாருவது ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. சரி, படித்த ஆளோடு பேசும்போது துப்புரவாக இருக்கவேண்டும் என்று நினைக்கிறான் போல.

யானை எழுந்து நின்றுவிட்டது. தீயும் பழையபடி ஏறிவிட்டது. அது ஏறின கையோடு ஏரல்காரர்கள் சொல்லி அனுப்பினார்கள், மறுபடி வீடு பார்க்க வருகிறோம் என்று. நான் அன்றைக்கே சொன்னேன், அருவருப்பெல்லாம் நாலு நாளைக்குத்தான், என் மகனைப் போல ஒருத்தன் அவர்களுக்கு எங்கே கிடைப்பான் என்று. சல்லடை போட்டுத் தேடியிருப்பார்கள். கிடைத்திருக்கமாட்டான்.

இன்றைக்குத்தான் வருகிறார்கள்.

என்ன தாயி, நீயும் அப்படிப் பார்க்கிறாய்? இன்றைக்கு வருகிறார்கள் என்றால் மாப்பிள்ளைக்கு அம்மா பஸ்ஸில் என்ன செய்கிறாள் என்றுதானே? அதைத்தான் சொல்ல வருகிறேன். இத்தனை நாள் முகம் கொடுத்துப் பேசாத பிள்ளை, நேற்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டான். "யம்மா, நீ உவரிக்குப் போய் சாமிக்கு மண் சுமந்துட்டு வா. நீ நேரா போய் வேண்டுனாத்தான் இது கூடும். வேற யாரு போனாலும் கூடாது" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. உவரியில் சுயம்புலிங்க சாமிக்குக் கடல் மண்ணை ஓலைப்பெட்டியில் தலைச்சுமையாகச் சுமந்து கொட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். பதினொரு பெட்டி போதுமா என்று கேட்டேன். நல்ல வார்த்தையே சொல்லியறியாத ராசக்கனி குறுக்கே வந்து, இருபத்தொன்னா வச்சுக்கோங்க யக்கா, நிதானமாச் சுமங்க, அவசரமில்ல என்கிறாள். என் மகன் கல்யாணத்தில் அவளுக்கும் எத்தனை கரிசனம்.

விடிந்ததும் பைக்கில் உட்காரவைத்துக் கூட்டி வந்தான். அவனே டிக்கெட் எடுக்கக் காசு கொடுத்து, அவனே நல்ல சீட்டாகப் பார்த்து உட்காரவைத்து, பஸ் கிளம்புகிற வரைக்கும் நகருவேனா என்று நின்றான் பார்த்தாயல்லவா, கட்டம் போட்ட சட்டை. நீ போ மகனே, வீட்டில் வேலை கிடக்கும் என்றேன். பஸ் எடுக்கட்டும்மா என்றான். இந்தக் காலத்தில் எந்தப் பிள்ளை பெற்றவள் மேல் இவ்வளவு உயிராக இருக்கும்? வீட்டைப் பூட்டின சாவியைக்கூட, உனக்கு எதற்கு பாரம் என்று வாங்கிக்கொண்டான்.

பஸ் ஊர் ஊராக நின்று ஊர்ந்து, ஒருவழியாக ஆறுமுகநேரி தாண்டிவிட்டது போல. இந்தப் பக்கமும் உப்புத்தான் பார். நான் அங்கே என்ன நடக்கிறதோ என்று இந்தப் போனையே பார்த்துக்கொண்டு வருகிறேன். அந்த மனுஷன் மறுபடி குழாயைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டால்? பெண்டாட்டி முந்தானையை எடுத்து வாயைப் பொத்திவிட்டால்? இன்னொரு தரம் அவர்கள் அப்படியே எழுந்து போனால் என் பிள்ளை தாங்கமாட்டான் தாயி. வெளியே காட்டமாட்டான், உள்ளுக்குள் உப்பாய்க் கரைந்துபோவான். நான் பக்கத்தில் இருந்திருந்தால் எப்படியாவது சமாளித்திருப்பேன்.

இரு, போன் அடிக்கிறது. இதை எங்கே அமுக்கவேண்டும்? நீயே அமுக்கிக் கொடு.

சொல்லு மகனே. வந்துட்டாவளா?... என்னது?... அந்தப் பிள்ளையேவா? அதே அடுப்பிலயா?... பொறவு?... சரி... சரி மகனே... சரி.

தாயி, முடிந்துவிட்டது. கை நனைத்துவிட்டார்கள். அந்தப் பிள்ளை வேல்மதியே அடுக்களைக்குள் போய், தானே அடுப்பைப் பத்தவைத்து, பாயசம் காய்ச்சி, தன் அப்பாவுக்குத் தன் கையால் ஊற்றியதாம். அவர் ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிக் குடித்தாராம். வைகாசியில் நாள் பார்க்கச் சொல்லிவிட்டார்களாம். இன்றைக்கு அவசரப்பட்டுத் திரும்ப வேண்டாம், உவரியிலேயே தங்கி ஆற அமரச் சுமந்துவிட்டு நாளைக்கு வா என்கிறான், பிள்ளைக்கு அத்தனை பக்தி.

கண்ணைத் துடைக்கிறேன், வேறொன்றுமில்லை. நீ எதற்குத் தாயி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரிக்கிறாய்? சிரி, சந்தோஷத்தில் யாருக்கும் சிரிப்பு வரும். இன்னும் ஒரு பெட்டி மண் சுமக்கவில்லை. உவரிக்கே போய்ச் சேரவில்லை. கிளம்பினதற்கே பலித்துவிட்டது பார்த்தாயா? நான் அங்கேயே நின்றிருந்தால்கூட இவ்வளவு சுருக்காக முடிந்திருக்காது.